ஊர் திரும்பிய மிக்ஸி

வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீடா என்று தெரிந்துகொள்ள, எங்கள் பக்கத்தில் பரணை எட்டிப் பார்த்தாலே போதும். ஓர் அட்டைப்பெட்டியாவது இருக்கும். காபி மேக்கர், டோஸ்டர், ஹேர் டிரையர், முதுகு பிடித்துவிடும் மெஷின் என்று உள்ளே ஏதாவது இருக்கும். மேலே தூசி படியாமல் பழைய வேட்டி ஒன்றைப் போர்த்தி வைத்திருப்பார்கள். கேட்டால், "பெரியவன் வாங்கி வந்தது. இங்க போட்டா புகைஞ்சிடும்னு எலெக்ட்ரீஷியன் சொல்லிட்டாரு" என்பார்கள். உபயோகிக்கவும் முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது.

எங்கள் வீடு தர்மபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கே நிறைய பேருக்கு வெளியூர் வேலை என்றால் அது பெங்களூருதான். சனிக்கிழமை ராத்திரி வந்து, திங்கள் விடிகாலை பஸ் பிடித்துப் போய்விடலாம். நாங்கள் கொஞ்சம் தூரமாகவே போய்விட்டோம். 2004-ல் அமெரிக்காவில் நியூஜெர்சிக்குப் போனவர்கள், மாமனார் தவறிய பிறகு அத்தையைத் தனியாக விடக் கூடாது என்று 2018-ல் குடும்பத்தோடு திரும்பி வந்தோம். 14 வருடக் குடித்தனம் 42 பெட்டிகளாகக் கப்பலேறி, சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, லாரியில் எங்கள் வாசலுக்கு வந்தது.

அத்தை திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாக எண்ணினார். பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இதுல எதெல்லாம் நம்ம கரன்ட்டுல ஓடும் கண்ணு?"

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. வெளிநாட்டிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு திரும்புகிறவர்களுக்கும், அங்கிருந்து அம்மா அப்பாவுக்கு ஏதாவது வாங்கி அனுப்ப நினைக்கிறவர்களுக்கும் இது உதவும்.

ஏன் இந்த வித்தியாசம்?

நியூஜெர்சியில் நாங்கள் குடியிருந்த ஊரின் பெயரே எடிசன். மின்விளக்கு புகழ் தாமஸ் எடிசனின் ஆராய்ச்சிக்கூடம் இருந்த மென்லோ பார்க் அந்த ஊருக்குள்தான் வருகிறது. அவர் நினைவாக ஒரு கோபுரமும் அங்கே நிற்கிறது. அமெரிக்க மின்சாரம் நம் மின்சாரத்தில் பாதியாக இருப்பதற்குக் காரணமும் அவரிடமிருந்தே ஆரம்பிக்கிறது.

1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசன் தன் மின்நிலையத்தைத் தொடங்கினார். அவருடைய பல்புகளுக்கு ஏற்றபடி ஏறக்குறைய 110 வோல்ட் மின்சாரம் கொடுத்தார். பின்னாளில் நேர் மின்சாரம் போய் மாறுதிசை மின்சாரம் வந்தது. ஆனால், அதற்குள் வீடு வீடாக அந்த அளவுக்கான பல்புகள் மாட்டியாகிவிட்டது. அதனால் அதை ஒட்டியே போய், இன்றைக்கு 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று நிற்கிறார்கள். ஐரோப்பாவில் 1899-ல் பெர்லின் நகர மின் நிறுவனம் 220 வோல்ட்டுக்கு மாறியது. வோல்ட் கூடினால் அதே கம்பியில் அதிக மின்சாரம் அனுப்பலாம், செம்பு மிச்சம் என்பதுதான் கணக்கு. மற்ற நாடுகளும் அந்த வழிக்கு வந்தன. நம் நாட்டின் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் இந்த இரண்டாவது குடும்பத்தைச் சேர்ந்தது.

ஹெர்ட்ஸ் என்பது மின்சாரம் ஒரு வினாடியில் எத்தனை முறை போய்த் திரும்புகிறது என்ற கணக்கு. வோல்ட்டைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். இந்த ஹெர்ட்ஸைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

நம் ப்ளக்கின் கதை இன்னும் வேடிக்கையானது. உருண்டையான மூன்று பின் கொண்ட ப்ளக்கை நமக்குக் கொடுத்தவர்கள் ஆங்கிலேயர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவர்கள் தட்டையான பின்னுக்கு மாறிவிட்டார்கள். நாம் இன்னும் அந்தப் பழைய உருண்டையிலேயே இருக்கிறோம். ஆகவே லண்டன், சிங்கப்பூர், மலேசியா, துபாய் சாமான்களுக்குப் பெரும்பாலும் ப்ளக்கை மாற்றினால் போதும். மின்சாரம் ஏறக்குறைய ஒன்றுதான். சவூதியிலிருந்து வருகிறவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். அங்கே 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். அதிலும் டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60 ஹெர்ட்ஸ். ஒரே நாட்டுக்குள்ளேயே இரண்டு!

மூன்று குவியல்

எங்கள் கூடத்தில் சாமான்களை மூன்று குவியலாகப் பிரித்தோம். ஒவ்வொன்றையும் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் சின்ன லேபிளைப் படிப்பதுதான் வேலை. என் மகள் படிக்க, நான் எழுதிக்கொண்டேன்.

முதல் குவியல், அப்படியே ஓடக்கூடியவை. லேப்டாப், போன் சார்ஜர், கேமரா சார்ஜர் எல்லாம் இதில் வந்தன. லேபிளில் 'இன்புட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் '100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் அந்தப் பொருள் உலகத்தில் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும். ஐம்பது ரூபாய் ப்ளக் அடாப்டர் ஒன்று போதும். எங்கள் டி.வி.யும் இந்த ரகம்தான். ஆன்டெனாவை நேரடியாகச் செருகினால் அமெரிக்க டி.வி.க்கு நம் ஒளிபரப்பு புரியாது. செட்டாப் பாக்ஸை எச்.டி.எம்.ஐ. ஒயரில் கொடுத்துவிட்டால் பிரச்னை இல்லை. டி.வி. கொண்டுவர நினைப்பவர்கள் சுங்க வரியையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஃப்ளாட் டி.வி.க்கு இருந்த வரியில்லாச் சலுகையை 2013 ஆகஸ்ட்டிலேயே எடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது குவியல், டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் ஓடக்கூடியவை. கேக் மாவு கலக்கும் பெரிய மிக்ஸர் அதில் ஒன்று. 230 வோல்ட்டைப் பாதியாக்கித் தரும் 'ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர்' ஒன்றை வாங்கினோம். 1000 வாட், தூக்கினால் ஏழெட்டு கிலோ. பொருளின் வாட் அளவைப் போல ஒன்றரை மடங்காவது டிரான்ஸ்ஃபார்மர் தாங்க வேண்டும். மோட்டார் உள்ள பொருள் என்றால் இரண்டு மடங்கு நல்லது. பயணத்துக்கென்று கையடக்கமாக விற்கும் கன்வெர்ட்டர்களை மோட்டார் சாமான்களுக்கு மாட்டவே கூடாது. இன்னொன்று, டிரான்ஸ்ஃபார்மர் என்பது ஸ்டெபிலைசர் கிடையாது. எங்கள் பக்கம் சாயங்காலம் வோல்ட்டேஜ் 180-க்கு இறங்கினால், இந்தப் பக்கம் 90-தான் வரும். மெஷின் முனகும்.

அந்த மிக்ஸரைப் பார்த்து அத்தை ரொம்ப ஆசையாகக் கேட்டார். "இது களி கிண்டுமா கண்ணு?" ராகிக் களிக்குத் துடுப்பும் புஜ பலமும்தான் வேண்டும் என்பதை அவருக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? கேலிதான்!

மூன்றாவது குவியல், கொண்டுவந்திருக்கவே வேண்டாதவை. கணவரின் நண்பர் ஒருவர் போகும்போது எங்களிடம் விட்டுப் போன மைக்ரோவேவ் அதில் ஒன்று. அதற்கு 2000 வாட் டிரான்ஸ்ஃபார்மர் தேடி வாங்கினாலும், உள்ளே இருக்கும் இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. 50-ல் அது சூடேறும். கம்பியில்லா லேண்ட்லைன் போனும் அதே குவியலுக்குப் போனது. அது பேசும் அலைவரிசை இங்கே மொபைல் சேவைக்கு ஒதுக்கப்பட்டது.

மகளுடைய அலாரம் கடிகாரம் ஹெர்ட்ஸ் பாடத்தை எல்லோருக்கும் புரியவைத்தது. சுவரில் செருகும் ரகம் அது. டிரான்ஸ்ஃபார்மர் மூலம் 115 வோல்ட் கொடுத்தோம். அழகாக எரிந்தது. ஆனால் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கியது. மின்சாரம் அறுபது முறை போய் வந்தால் ஒரு வினாடி என்று எண்ணப் பழகிய கடிகாரம் அது. இங்கே ஐம்பதுதான் வருகிறது. ஒரு நாள் ஓடினால் நான்கு மணி நேரம் போச்சு. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. "அமெரிக்கா நேரமும் இல்ல, நம்ம நேரமும் இல்ல. நடுக்கடல்ல நிக்குது" என்றார் என் கணவர்.

சொந்த ஊரில் அந்நியன்

என் மிக்ஸியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அமெரிக்க பிளெண்டர் இட்லிப்பொடிக்கும் தேங்காய்ச் சட்னிக்கும் ஆகாது என்பது அங்கே இருக்கும் தமிழ்ப் பெண்களுக்குத் தெரியும். அதனால் எடிசன் ஓக் ட்ரீ சாலையில் உள்ள ஓர் இந்தியக் கடையில் ஒரு மிக்ஸி வாங்கினேன். சென்னையில் தயாரானது. அமெரிக்காவுக்காகவே 110 வோல்ட்டில் செய்தது. பதினோரு வருடம் உழைத்தது. இப்போது அது பிறந்த மண்ணுக்கே வந்துவிட்டது. ஆனால் இங்கே எந்த சுவிட்ச் போர்டிலும் செருக முடியாது!

இந்திய மிக்ஸி பிறந்த கதையே இப்படிப்பட்ட ஒரு வெளிநாட்டுச் சாமானில் இருந்துதான் தொடங்குகிறது. மும்பையில் எஸ்.பி.மாத்தூர் என்ற பொறியாளரின் வீட்டில் ஜெர்மனியின் பிரவுன் மிக்ஸி ஒன்று இருந்தது. நம் ஊர்ச் சமையலுக்கு ஈடுகொடுக்க முடியாமல் அதன் மோட்டார் பழுதானது. இங்கே சரிசெய்ய வழியில்லை. நம் பருப்பையும் மசாலாவையும் அரைக்கிற மாதிரி ஒன்றைச் செய்ய வேண்டும் என்று மனைவி மாதுரி வற்புறுத்த, அவர் இறங்கி வேலை செய்தார். 1963-ல் 'சுமீத்' மிக்ஸி வந்தது. நம் அம்மாக்கள் அம்மியிலிருந்து எழுந்ததற்கு அந்தப் பழுதும் ஒரு காரணம்.

என் மிக்ஸியை பாலக்கோட்டில் ஒரு ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனேன். சின்னக் கடை. சுவரெல்லாம் ஜார், வாஷர், பிளேடு, கப்ளர். 2011-ல் ஆரம்பித்த அரசின் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி திட்டத்துக்குப் பிறகு, எந்தக் கிராமத்து வீட்டிலும் அரைக்கிற மெஷின் உண்டு. அதனால் ரிப்பேர் செய்கிறவருக்கும் வேலைக்குக் குறைவில்லை.

அந்தத் தம்பி அடிமூடியைக் கழற்றிப் பார்த்தார். "அக்கா, இது நம்ம ஊரு மிக்ஸிதான். மோட்டார் மட்டுந்தான் அங்கத்தது" என்றார். அதே மாடலுக்கான 230 வோல்ட் மோட்டாரை வரவழைத்து மாட்டினார். ஒயர், ப்ளக் மாற்றினார். கூடவே, அதிகச் சுமை வந்தால் தானே நிறுத்திக்கொள்ளும் ஓவர்லோடு சுவிட்சையும் மாற்றினார். "வோல்ட் ரெண்டு மடங்கு ஆகும்போது கரன்ட் பாதியாகிடும்க்கா. பழைய சுவிட்சு இருந்தா, மோட்டார் கருகுற வரைக்கும் அது ட்ரிப் ஆகாது" என்று விளக்கினார். புது மிக்ஸி விலையில் பாதிக்கும் குறைவாகத்தான் ஆனது. இன்று வரை அதில்தான் அரைக்கிறேன்.

விலை கொடுத்து வாங்கிய கேக் மிக்ஸர் ஒருநாள் நின்று போனபோது அதே தம்பி திறந்து பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். அவரிடம் குறையில்லை. அதன் பாகம் இங்கே கிடைக்காது. ஒரு பொருளை வாங்கும்போது பிராண்டைப் பார்க்கிறோம், ஸ்டாரைப் பார்க்கிறோம். அதைத் திறக்கத் தெரிந்த ஒருவர் நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் இருக்கிறாரா என்று பார்ப்பதில்லை. நான் இப்போது அதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

நள்ளிரவில் ஒரு லேபிள்

மிக்ஸி ஓடவில்லை என்றால் சட்னி இல்லை, அவ்வளவுதான். எல்லாப் பொருளும் அப்படி இல்லை.

அத்தைக்கு வீசிங் உண்டு. வருடக்கணக்காக விறகடுப்பில் ஊதிய நெஞ்சு. குளிர்காலத்தில் அதிகமாகும். டெக்சாஸில் இருக்கும் என் கொழுந்தனார், நாங்கள் வந்த வருடம் தீபாவளிக்கு வந்தபோது அம்மாவுக்கு ஒரு நெபுலைசர் வாங்கி வந்தார். மருந்தைப் புகைபோல ஆக்கி மூச்சில் இழுக்க வைக்கும் மெஷின். "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று அத்தை பெட்டியைப் பிரிக்காமலே பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

அடுத்த தை மாதம் ஒரு ராத்திரி, இரண்டு மணி இருக்கும். அத்தைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. கணவர் வேலையாக பெங்களூருவில் இருந்தார். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுத் தம்பி ஓடி வந்தார். அத்தை சாவியை நீட்டி பீரோவைக் காட்டினார். நான் மருந்தைத் தேடி எடுப்பதற்குள் தம்பி பெட்டியைப் பிரித்து, எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்துவிட்டார்.

அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இப்போது எல்லா வீட்டிலும் இருக்கும் ரகம்தான். உருண்டை, தட்டை என்று எந்த ப்ளக்கைச் செருகினாலும் உள்ளே போகும். வசதி என்று வாங்குகிறோம். அதில்தான் ஆபத்தே இருக்கிறது. ப்ளக் நுழையவில்லை என்றால் நாம் ஒரு நிமிடம் யோசிப்போம். அது அழகாக நுழைந்துவிட்டால், ஓடும் என்றுதானே நினைப்போம்?

தம்பியின் கையைப் பிடித்து நிறுத்தி மெஷினைக் கவிழ்த்தேன். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வேறு எதுவும் இல்லை.

"அக்கா, டாலர் கொடுத்து வாங்கினதுக்கா. நல்லாத்தான் இருக்கும்" என்றார் அவர். நல்ல மெஷின்தான். அந்த ஊர் மின்சாரத்துக்கு. இங்கே செருகியிருந்தால் மோட்டார் புகைந்திருக்கும். மூச்சுக்குத் தவிப்பவரின் முகத்துக்கு நேரே!

அடுக்களையில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது உண்மைதான். ஆனால் ஹெர்ட்ஸ் குறைந்தால் இந்த வகை மோட்டார் மெதுவாகும், காற்றழுத்தம் குறையும், சூடும் ஏறும். கடிகாரம் பத்து நிமிடம் பின்தங்கினால் சிரிக்கலாம். மூச்சில் அந்தப் பரிசோதனை வேண்டாம். தெரு முனையில் இருந்த ஆட்டோக்கார அண்ணனை எழுப்பி, அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். ஆக்சிஜன் வைத்து, அங்கேயே நெபுலைசரும் கொடுத்தார்கள். விடியும்போது அத்தை, "காபி கிடைக்குமா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

அன்றைக்கே மெடிக்கல் ஷாப்பில் 230 வோல்ட் நெபுலைசர் ஒன்று வாங்கினேன். இரண்டாயிரம் ரூபாய்க்குள்தான். அத்தைக்கு அதில் மனசே இல்லை. "சின்னவன் அவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்ததை விட்டுட்டு..." என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் இரண்டு பெட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மெஷின்தான் வேறு. காற்றுக் குழாயும், மருந்து ஊற்றும் கப்பும், முகத்தில் மாட்டும் மாஸ்க்கும் இதிலும் பொருந்தின. டாக்டரிடம் காட்டிக் கேட்டோம். சுத்தமாக வைத்துக்கொண்டால் தாராளமாக உபயோகிக்கலாம் என்றார். டெக்சாஸ் மாஸ்க்கை நம் ஊர் மெஷினில் மாட்டி அத்தையிடம் கொடுத்தேன்.

அதன் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும், "சின்னவன் வாங்கிக் கொடுத்ததுலதான் மூச்சு விடுறேன்" என்று காட்டுவார். நானும் மறுத்துப் பேசியதில்லை.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்

இதை வெளிநாட்டில் இருக்கிற யாராவது படிக்கிறீர்களா? உங்களுக்கு மூன்று விஷயங்கள் சொல்கிறேன்.

ஒன்று, வாங்குவதற்கு முன் லேபிளைப் படியுங்கள். '100-240' என்றும் '50/60' என்றும் இரண்டும் இருந்தால் பிரச்னையில்லை. இரண்டில் ஒன்று குறைந்தாலும் கடையிலேயே விட்டுவிடுங்கள். மூச்சுக்கான சி-பேப் மெஷின்கள் பெரும்பாலும் எல்லா மின்சாரத்துக்கும் பொதுவாகவே வருகின்றன. ஆனாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இரண்டு, சூடாகும் பொருள் எதையும் 120 வோல்ட் நாட்டிலிருந்து அனுப்பாதீர்கள். கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ஹேர் டிரையர், வலிக்கு ஒத்தடம் கொடுக்கும் ஹீட்டிங் பேட் எல்லாம் இதில் அடக்கம். இரண்டு மடங்கு வோல்ட் கொடுத்தால் சூடு இரண்டு மடங்கோடு நிற்காது. ஏறக்குறைய நான்கு மடங்கு ஆகும். 1200 வாட் கெட்டில் 4000 வாட்டைத் தாண்டி இழுக்கப் பார்க்கும். ஃப்யூஸ் போனால் அதிர்ஷ்டம். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் அதிர்ஷ்டத்தை நம்பக் கூடாது.

மூன்று, போன விடுமுறைக்கு முந்தைய விடுமுறைகளில் நீங்கள் வாங்கி வந்தவை எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். வீடியோ காலில் ஒவ்வொன்றையும் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். ஓடாதவற்றின் மேல் 'செருகக் கூடாது' என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். நம் அம்மா அப்பாவுக்கு அந்தப் பொடி எழுத்து ஆங்கில லேபிள் படிக்க வராது. பிள்ளை கொடுத்தது கெடுதல் செய்யும் என்று அவர்களுக்குத் தோன்றவும் தோன்றாது. அந்த நம்பிக்கைக்காகவாவது நாம் படித்துத்தான் ஆக வேண்டும்.

போன மாதம் கொழுந்தனார் பேசினார். பொங்கலுக்கு வருகிறாராம். கடையில் நின்றுகொண்டே, "அண்ணி, அம்மாவுக்குக் கால் பிடிச்சுவிடுற மெஷின் ஒண்ணு பார்த்தேன். முதல்ல லேபிளை போட்டோ எடுத்து அனுப்பறேன், பார்த்துச் சொல்லுங்க" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பக்கத்தில் இருந்த அத்தை போனை வாங்கிக்கொண்டார்.

"மெஷினெல்லாம் வேண்டாம் சாமி. போன தடவை நாலே நாள்ல கிளம்பிட்ட. இந்தத் தடவை ஒரு வாரம் கூட இருந்துட்டுப் போ."